யார் கேட்கச் சொன்ன மன்னிப்பு?

2015 டிசம்பர் 28 அன்று சியோல் நகரில் இரண்டு அமைச்சர்கள் செய்தியாளர்கள் முன் நின்று ஆளுக்கோர் அறிக்கை வாசித்தார்கள். ஒருவர் ஜப்பானின் வெளியுறவு அமைச்சர் ஃபுமியோ கிஷிடா. மற்றவர் தென்கொரியாவின் வெளியுறவு அமைச்சர் யுன் பியுங்-சே. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ஜப்பானிய ராணுவம் தான் சென்ற இடமெல்லாம், சீனா முதல் அந்தமான்வரை, முகாம்கள் அமைத்துப் பெண்களை அடைத்துவைத்துப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியது. அந்தப் பெண்களைப் பற்றிய அறிக்கை அது. ஜப்பான் அரசு தன் பொறுப்பை உணர்கிறது, பிரதமர் ஷின்சோ அபே மனமார மன்னிப்புக் கோருகிறார் என்றார் கிஷிடா. கொரியா தொடங்கும் அறக்கட்டளைக்கு ஜப்பான் 100 கோடி யென் கொடுக்கும். இத்துடன் இந்தப் பிரச்சினை இறுதியாக, மீண்டும் கிளப்ப முடியாதபடி தீர்ந்துவிடும். ஐ.நா. உள்ளிட்ட உலக மன்றங்களில் இதை வைத்து இரு நாடுகளும் ஒன்றையொன்று குறை சொல்லா. சியோலில் ஜப்பான் தூதரகத்துக்கு எதிரே இருக்கும் சிறுமியின் சிலை பற்றி ஜப்பானுக்குள்ள கவலையைக் கொரியா அறிந்திருக்கிறது. அதைத் தக்கபடி தீர்க்க முயலும்.

கையெழுத்திட்ட உடன்படிக்கை எதுவும் வெளியிடப்படவில்லை. வாசித்ததுதான் ஒப்பந்தம். அபே, கொரிய அதிபர் பார்க் குன்-ஹேயிடம் தொலைபேசியில் பேசி மன்னிப்பைத் தெரிவித்தார். அன்றைக்குக் கொரிய அரசிடம் பதிவு செய்திருந்த பெண்களில் 46 பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அந்த அறையில் இல்லை. அவர்களின் குரல் போதிய அளவு கேட்கப்படவில்லை என்று 2017 டிசம்பரில் கொரிய அரசே அமைத்த ஆய்வுக்குழு சொன்னது.

நான் வெளியுறவுத் துறை படித்தவள் இல்லை, தமிழ் படித்தவள். ஒரு பாட்டு கையில் வந்தால், பேசுவது யார், யார் கேட்கப் பேசுகிறார் என்பதை முதலில் பார் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்று இவற்றைத் தனித்தனி உறுப்புகளாகவே வைத்திருக்கிறது. ஒரு நாடு உலகத்தின் முன் தன் நற்பெயரை மீட்டுக்கொள்ளச் செய்யும் அறிவிப்பையும் அப்படி வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன். அந்த வாசிப்பில் முதலில் தட்டுப்படுவது கேட்போர்தான்.

அகப்பாடல்களில் சிறைப்புறம் என்று ஒரு சூழல் உண்டு. தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நிற்கிறான். தோழி தலைவியிடம் பேசுவதுபோலப் பேசுகிறாள். சொல் தலைவியை நோக்கியது, அது போய்ச் சேர வேண்டிய காது வேலிக்கு வெளியே இருக்கிறது. 2015 மன்னிப்பின் அமைப்பும் இதுதான். இலக்கண எழுவாயாக ஜப்பான் பிரதமர் இருக்கிறார், முன்னிலையில் பாதிக்கப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். வேலிக்கு அப்பால் வாஷிங்டன் நிற்கிறது, ஐ.நா. நிற்கிறது, உலகப் பத்திரிகைகள் நிற்கின்றன. அகப்பாட்டில் தோழியின் பேச்சு தலைவியின் நன்மைக்காக. இங்கே பேச்சின் பயன் பேசுகிறவருக்கே திரும்பிப் போகிறது.

இதற்கு முன் நடந்ததையும் பார்க்க வேண்டும். இந்த முகாம்களுக்குப் பெண்களைக் கொண்டுபோனது தனியார் தரகர்கள்தான் என்று 1990இல் ஜப்பான் அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதைப் பொறுக்க முடியாமல் 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சுன் தன் பெயரோடும் முகத்தோடும் வெளியே வந்து பேசினார். தென்கொரியாவில் அப்படிப் பேசிய முதல் பெண் அவர். 1992 ஜனவரியில் வரலாற்றாசிரியர் யோஷிமி யோஷியாகி, ஜப்பானின் பாதுகாப்பு முகமை நூலகத்திலிருந்தே ராணுவத்தின் பங்கைக் காட்டும் ஆவணங்களை எடுத்து வெளியிட்டார். 1993 ஆகஸ்ட் 4 அன்று அமைச்சரவைத் தலைமைச் செயலர் கோனோ யோஹெய் வெளியிட்ட அறிக்கை, ராணுவத்துக்குப் பங்கு உண்டு என்றும் பெண்கள் பலர் தம் விருப்பத்துக்கு மாறாகத் திரட்டப்பட்டார்கள் என்றும் ஒப்புக்கொண்டது. இந்த வரலாற்றை ஆய்வின் வழியும் கல்வியின் வழியும் மறக்காமல் வைத்திருப்போம் என்றும் அது உறுதி சொன்னது.

ஜப்பான் அரசு சொன்னவற்றில் நேர்மையானது என்று பலரும் மதிப்பது கோனோ அறிக்கையை. அதைக்கூட அபே அரசு 2014இல் மறுஆய்வுக்கு எடுத்தது. அந்த ஆய்வு, அறிக்கையின் சொற்கள் வெளியாகும் முன்பே இரு நாட்டு அதிகாரிகளிடையே பேசி ஒழுங்கு செய்யப்பட்டவை என்று காட்டியது. அரசின் நோக்கம் அறிக்கையின் மதிப்பைக் குறைப்பதாக இருக்கலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஆகச் சிறந்த மன்னிப்பும் இரண்டு வெளியுறவு அலுவலகங்களுக்கு நடுவே, எந்தச் சொல் எந்த அரசுக்குத் தாங்கும் என்று நிறுத்துப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பெண்ணுக்கு எந்தச் சொல் தாங்கும் என்ற கேள்வி அந்தத் தராசில் ஏறவில்லை.

அபேயின் ஆட்சிக்காலம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. 2013 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் அவர் பெண்கள் ஒளிரும் சமூகம் பற்றிப் பேசினார். போர்க்காலப் பாலியல் வன்முறையைக் கண்டித்தார். பெண்களின் முன்னேற்றத்துக்காக மூன்றாண்டுகளில் 300 கோடி டாலருக்கு மேல் வளர்ச்சி உதவி தருவதாக அறிவித்தார். 2014இல் டோக்கியோவில் பெண்களுக்கான உலக மாநாட்டைக் கூட்டினார். அதே 2014 அக்டோபரில் அவருடைய அரசின் தூதர் நியூயார்க்கில் ராதிகா குமாரசுவாமியைச் சந்தித்து, அவர் 1996இல் எழுதிய அறிக்கையின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறச் சொன்னார்.

ராதிகா குமாரசுவாமி இலங்கைத் தமிழர். பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளர். இந்த முகாம்களைப் பற்றி எழுதும்போது ராணுவப் பாலியல் அடிமைமுறை என்ற பெயரை அவர் பயன்படுத்தினார். சட்டப் பொறுப்பை ஏற்றல், இழப்பீடு, பாடத்திட்டத்தில் சேர்த்தல், குற்றவாளிகளை இனங்கண்டு தண்டித்தல் ஆகியவற்றோடு, முன்வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்தில் பகிரங்க மன்னிப்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். கேட்போரை நாடு என்ற பெரும்பெயரிலிருந்து பிரித்து, முகவரி உள்ள ஒரு மனுஷியாக ஆக்கிய பரிந்துரை அது. அறிக்கையில் மேற்கோள் காட்டப்பட்டிருந்த யோஷிடா செய்ஜி என்பவரின் வாக்குமூலம் பொய் என்று பின்னால் தெரியவந்தது. அந்த ஒன்றைச் சொல்லித்தான் ஜப்பான் திருத்தம் கேட்டது. அது பல சான்றுகளில் ஒன்று மட்டுமே, பெண்களின் சாட்சியங்கள் அப்படியே நிற்கின்றன என்று அவர் மறுத்துவிட்டார்.

ஒரு கையால் உலகப் பெண்களுக்கு நிதியும் மறு கையால் பழைய அறிக்கையில் திருத்தமும் என்பதை இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு இரண்டும் ஒரே வேலையாகத் தெரிகின்றன. நாட்டின் நற்பெயர்தான் நோக்கம் என்று வைத்துவிட்டால், பிற தேசத்துப் பெண்களின் எதிர்காலம் அந்தப் பெயருக்கு வரவு. தன் ராணுவம் சிதைத்த பெண்களின் கடந்தகாலம் அந்தப் பெயருக்குச் செலவு. கணக்குப் பிள்ளை வரவைக் கூட்டிச் செலவைக் குறைக்கிறார். பெண் என்ற சொல் இரண்டு பத்தியிலும் இருக்கிறது, அதனால் அது பெண்களைப் பற்றிய கணக்கு ஆகிவிடாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானிய ஆவணங்களில் இந்தப் பெண்களுக்கு இருந்த பெயர் இயான்ஃபு. ஆங்கிலத்தின் வழியே அது தமிழுக்கு வந்து, சொல்லுக்குச் சொல் ஆறுதல் பெண்கள் ஆகிவிட்டது. முதுகலை வகுப்பில் மொழிபெயர்ப்புத் தாளுக்காக ஒரு செய்திக் கட்டுரையைக் கொடுத்தபோது பாதிப் பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். யாருக்கு ஆறுதல் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெயரே சிப்பாயின் பக்கம் நின்று வைத்த பெயர். கொரியாவில் அவர்களை ஹல்மோனி, அதாவது பாட்டி என்று அழைக்கிறார்கள். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் அதுவும் அவர்களை ஒரு குடும்பத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைக்கிறது.

அதே வகுப்பில் 2015 அறிவிப்பின் சுருக்கத்தை வாசித்துக் காட்டினேன். "எங்க ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியே இருக்கு மேடம்" என்றாள் ஒரு மாணவி. அதற்குமேல் அவள் விளக்கவில்லை, விளக்கத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்காருவார்கள். ஒரு தொகை பேசுவார்கள். நடந்தது நடந்துபோச்சு, இனி இதைப்பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று முடிப்பார்கள். கட்டுப்பட வேண்டியவள் உள்வீட்டில் இருப்பாள். இறுதியாக, மீண்டும் கிளப்ப முடியாதபடி என்ற சொற்களை ஐ.நா.வரை கொண்டுபோக முடிகிறது என்பது மட்டும்தான் வேறுபாடு. கொரியத் தரப்பில் அப்போது அதிபராக இருந்தவர் ஒரு பெண். பஞ்சாயத்தில் ஒரு பெண் தலைவியாக உட்கார்ந்தாலும், விதி மானத்தைக் காப்பது என்று இருக்கிறவரை முடிவு மாறுவதில்லை.

மானம் என்ற சொல் நமக்குப் பழையது. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாய், மகன் போரில் புறமுதுகிட்டான் என்று கேட்டதும், அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்கிறாள். வாளோடு களத்துக்குப் போகிறாள். சிதைந்து கிடக்கும் அவன் உடலைக் கண்டு, பெற்ற நாளைவிட மகிழ்கிறாள். பாடியவரும் பெண்தான். குடியின் மானத்துக்குப் பிணையாக வைக்கப்படுவது பெண்ணின் உடல் உறுப்பு. இருபதாம் நூற்றாண்டுத் தேசங்களும் இந்தப் பிணையை வேறு முறையில் எழுதிக்கொண்டன. எதிரியின் பெண் கைப்பற்றப்பட்டால் எதிரியின் மானம் போயிற்று. நம் பெண் கைப்பற்றப்பட்டால் நம் மானம் போயிற்று. இரண்டிலும் அந்தப் பெண்ணுக்குப் போனது என்ன என்ற கேள்விக்கு இடமில்லை. கிம் ஹாக்-சுன் வாய் திறக்க 1991 ஆக வேண்டியிருந்ததற்கு ஜப்பானின் மறுப்பு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. வீடும் ஊரும் தேசமும் அந்த மௌனத்தைக் காவல் காத்தன.

இதைச் சொல்லும்போது கொரியாவை விட்டுவிட முடியாது. 1995இல் ஜப்பான் ஆசியப் பெண்கள் நிதியைத் தொடங்கியது. மக்களிடம் திரட்டிய நன்கொடையிலிருந்து ஆளுக்கு 20 லட்சம் யென்னும், பிரதமர் கையெழுத்திட்ட கடிதமும் கொடுத்தது. அரசு சட்டப் பொறுப்பை ஏற்காமல் தருமம் செய்கிறது என்று பல பெண்கள் அதை மறுத்தார்கள். அந்த மறுப்பு நியாயமானது. ஆனால் வாங்கிக்கொண்ட சில கொரியப் பெண்கள் சொந்த நாட்டிலேயே பழிக்கப்பட்டார்கள். 1998இல் கொரிய அரசு, ஜப்பானிய நிதியை வாங்க மாட்டேன் என்று உறுதி சொன்னவர்களுக்குத் தன் பணத்தைக் கொடுத்தது. வயதான, வறுமையில் இருந்த ஒரு பெண், எந்தப் பணத்தை வாங்கினால் எந்தத் தேசத்தின் மானம் போகும் என்று யோசிக்க வேண்டியிருந்தது. 2015 ஒப்பந்தத்துக்குப் பிறகும் உயிரோடிருந்தவர்களில் பெரும்பான்மையோர் பணத்தைப் பெற்றுக்கொண்டார்கள். சிலர் மறுத்தார்கள். பெற்றவர்களைக் காட்டி ஒப்பந்தம் சரி என்பதும், மறுத்தவர்களைக் காட்டிப் பெற்றவர்களை இழிவாகப் பேசுவதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு முகங்கள்.

கொரிய அரசு இதே காலத்தில் வேறு பெண்களை என்ன செய்தது? அமெரிக்கப் படைத்தளங்களைச் சுற்றிய குடியிருப்புகளில் பாலியல் தொழிலை ஒழுங்குபடுத்தி நடத்தியது. டாலர் ஈட்டித் தரும் தேசபக்தர்கள் என்று அதிகாரிகள் அந்தப் பெண்களைப் புகழ்ந்தார்கள். அதற்கு அரசு பொறுப்பு என்று கொரிய உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில்தான் தீர்ப்பளித்தது. வியட்நாமில் கொரியப் படைகள் செய்த கொலைகளையும் வன்முறையையும் பற்றிய பேச்சு இன்றும் அங்கே எளிதில்லை. தூதரகத்துக்கு எதிரே இருக்கும் சிலையைப் பற்றியும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கைகளை மடியில் இறுக்கி வைத்திருக்கும் அந்தச் சிறுமியின் பக்கத்தில் வெற்று நாற்காலி இருக்கிறது. யாரும் போய் உட்காரலாம். அது என்னை அசைக்கிறது. ஆனால் ஹன்போக் அணிந்த கள்ளமறியாச் சிறுமியாக இருந்தால்தான் நம் கண்ணீருக்கு உரியவளா? ஏற்கெனவே பாலியல் தொழிலில் இருந்து முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜப்பானியப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் வெளிப்படையாகப் பேசியவர்கள் மிகச் சிலர். அவர்களுக்காக எந்தத் தேசமும் நாற்காலி போடவில்லை.

இனி ஒரு நியாயமான கேள்வி. அரசு செய்த குற்றத்துக்கு அரசுதானே மன்னிப்புக் கேட்க வேண்டும், அது வெளியுறவுக் கொள்கையின் வழியாக அல்லாமல் எப்படி நடக்கும்? நடக்க வேண்டும்தான். அரசின் வாயிலிருந்து வரும் ஒப்புதலுக்கு ஈடு வேறில்லை, அதற்காகத்தான் 1992 ஜனவரி 8 முதல் புதன்கிழமைதோறும் அந்தப் பெண்கள் தூதரகத்தின் முன் கூடினார்கள். ஆனால் அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். உண்மையை வெளிக்கொணர், குற்றம் என்று ஒப்புக்கொள், சட்டப்படி ஈடு கொடு, பாடப்புத்தகத்தில் எழுது, நினைவிடம் எழுப்பு, குற்றவாளியைத் தண்டி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடம் ஜப்பானுக்குள்ளேயே இருக்கிறது. ஆவணக் காப்பகம், நீதிமன்றம், பள்ளிக்கூடம். தொல்காப்பியர் சொல்லில், களன் வேறு. வெளியுறவுக் கொள்கையால் வெளியே மட்டும்தான் பேச முடியும்.

1997இல் ஜப்பானின் நடுநிலைப் பள்ளி வரலாற்றுப் பாடநூல்கள் அனைத்திலும் இந்தப் பெண்களைப் பற்றிய செய்தி இருந்தது. 2012 வாக்கில் அது எல்லாவற்றிலிருந்தும் மறைந்துவிட்டது. பிறகு ஒன்றிரண்டு நூல்களில் திரும்பி வந்திருக்கிறது. கல்வியின் வழி மறக்காமல் வைத்திருப்போம் என்று உலகத்திடம் சொன்ன கோனோ அறிக்கையோ இன்றும் ஜப்பான் அரசின் அதிகாரபூர்வ நிலைப்பாடாகத் தொடர்கிறது. அறிக்கை வெளியே உயிரோடு இருக்கிறது, உள்ளே வகுப்பறையில் அதன் பொருள் உதிர்ந்துவிட்டது. 2016 அக்டோபரில், அந்தப் பெண்களுக்குப் பிரதமர் கடிதம் எழுதலாமே என்ற பேச்சு வந்தபோது, அப்படி ஓர் எண்ணம் துளியும் இல்லை என்று நாடாளுமன்றத்தில் அபே சொன்னார். 100 கோடி யென் கொடுக்க முடிந்த அரசுக்கு ஒரு தபால் எழுத முடியவில்லை. தபாலுக்கு வேலிக்கு வெளியே கேட்போர் இல்லை. வாங்கிப் படிக்க ஒரு கிழவி மட்டும்தான் இருந்தாள்.

அதற்குப் பதிலாக உழைப்பு எங்கே போயிற்று என்றும் பார்க்கலாம். சான்பிரான்சிஸ்கோ நகரம் 2017இல் இந்தப் பெண்களுக்கு எழுப்பிய சிலையை ஏற்றதற்காக, அறுபதாண்டுச் சகோதர நகர உறவை ஒசாகா 2018இல் முறித்துக்கொண்டது. மணிலாவில் 2017 டிசம்பரில் நிறுவிய சிலை, ஜப்பான் அதிருப்தி தெரிவித்த பின், 2018 ஏப்ரலில் ஓர் இரவில் அகற்றப்பட்டது. வடிகால் வேலை என்று காரணம் சொன்னார்கள். சிலைகளை விரட்ட விரட்ட அவை பற்றிய செய்திதான் ஊர் ஊராகப் பரவியது. கறையைத் துடைக்கும் வேகமே கறையைக் காட்டிக்கொடுத்தது.

ஜப்பானுக்கு இந்த விஷயத்தில் ஏதேனும் நற்பெயர் மிஞ்சியிருக்கிறது என்றால் அதைத் தேடித்தந்தவர்கள் தூதர்கள் இல்லை. ஆவணத்தை வெளியிட்ட யோஷிமி இருக்கிறார். பத்திரிகையாளர் மட்சுய் யயோரி இருக்கிறார். ஆசியப் பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து அவர் முன்னின்று நடத்திய பெண்களின் மக்கள் தீர்ப்பாயம் 2000 டிசம்பரில் டோக்கியோவிலேயே கூடியது. பேரரசர் ஹிரோஹிட்டோவுக்கும் குற்றத்தில் பொறுப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குச் சட்ட வலிமை இல்லை. ஆனால் அங்கே கூற்று பெண்களுடையதாக இருந்தது, கேட்போராக ஜப்பானியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பற்றி 2001இல் அரசு சார்ந்த தொலைக்காட்சி ஒளிபரப்பிய நிகழ்ச்சியில் தீர்ப்பு வெட்டப்பட்டிருந்தது. நாட்டின் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று யாரைச் சொன்னார்களோ, அவர்கள்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்களும் தங்கள் துயரத்தைத் தேசத்தின் சொத்தாக விட்டுவிடவில்லை. 2012இல் கிம் போக்-டோங்கும் கில் வொன்-ஓக்கும், ஜப்பானிடமிருந்து என்றாவது சட்டப்படி ஈடு கிடைத்தால் அதைப் போரில் வன்முறைக்கு ஆளான பிற நாட்டுப் பெண்களுக்குக் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். அதிலிருந்து பட்டாம்பூச்சி நிதி என்று ஒன்று பிறந்தது. கொரியப் படைகளால் பாதிக்கப்பட்ட வியட்நாமியப் பெண்களையும் அது சேர்த்துக்கொண்டது. அரசு செய்ய மறுத்த வெளியுறவு அது. கிம் போக்-டோங் 2019 ஜனவரியில் இறந்தார். அவர் கேட்ட மன்னிப்பு அவருக்கு வந்து சேரவில்லை.

அதற்கு முன் 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்கில் நிலம் நடுங்கிக் கடல் ஏறி வந்தது. மார்ச் 16 புதன்கிழமை. வழக்கம்போல அந்தப் பெண்கள் சியோலில் ஜப்பான் தூதரகத்தின் முன் வந்து கூடினார்கள். அன்றைக்கு முழக்கம் எழுப்பவில்லை. இறந்துபோன ஜப்பானியர்களுக்காக மௌனமாக நின்றுவிட்டுப் போனார்கள்.